காதம் எத்தனை கட்டை?

வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் முள்ளியவளையில் எந்த வீட்டிலும் வற்றாப்பளைப் பொங்கலைத் தவிர வேறு பேச்சு இராது. முல்லைத்தீவுக் கடலில் எடுக்கும் தீர்த்தம் நமது ஊருக்கு வந்து, காட்டா விநாயகர் ஆலயத்திலே உப்புநீரில் விளக்கெரிந்து, பின்னர் வற்றாப்பளை அம்பாள் சந்நிதிக்குச் செல்வதை நாம் யாவரும் அறிவோம். மதுரையை எரித்த கண்ணகி சினந் தணியாதவளாய் ஈழநாட்டுக்கு வந்து, இடந்தோறும் தங்கித் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாப்பளை என்றும், அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்றும் நம் முன்னோர் கூறுவர்.

அவ்வாறான ஒரு பொங்கற் காலத்தில், விடுமுறைக்கு வீடு வந்திருந்த எனக்கு ஒரு சோதனை நேர்ந்தது. விறாந்தையில் அமர்ந்து அம்மம்மா கண்ணகை கதை சொல்லிக்கொண்டிருந்தார். புகாரிலிருந்து மதுரைக்கு முப்பது காதம் என்று அவர் சொன்னதும், என் தம்பி இடைமறித்தான்.

"காதம் எண்டால் எத்தினை கட்டை, அம்மம்மா?"

அம்மம்மா சிரித்தார். "கம்பசிலை படிக்கிற கொண்ணன் இருக்கிறான். அவனைக் கேள்."

நான் விழித்தேன். மிசன் பாடசாலையொன்றிலே பத்தாண்டுகளுக்கு மேல் பயின்றவன் நான். அப்பாடசாலை நூல்நிலையத்தில் இருந்த பழைய எண்கணித நூலில் அங்குலம், அடி, யார், செயின், பர்லாங், மைல் என்ற வாய்பாட்டை விளையாட்டாக மனனஞ் செய்திருக்கிறேன். மீற்றர், கிலோமீற்றர் என்பன வகுப்பிலே கற்றவை. ஆயினும் என் வீட்டு விறாந்தையில் வழங்கிய ஒரு சொல்லுக்கு அளவு கூற என்னால் இயலவில்லை. அந்த நாணத்தின் பயனே இக்கட்டுரை.

விடை ஒரு வரியில் முடியும் என்றுதான் முதலில் எண்ணினேன். தேடத் தேட, ஒரு காதத்திற்கு நான்கு விடைகள் கிடைத்தன. அந்நான்கும் ஏன் வேறுபட்டன என்று ஆராய்வதே அளவைகளின் வரலாற்றை ஆராய்வதாகும் என்று பின்னரே உணர்ந்தேன்.

உடலே முதல் அளவுகோல்

மனிதன் முதன்முதல் கையிலேந்திய அளவுகோல் அவனுடைய கையேயாகும். விரல், சாண், முழம், பாகம் என்பன எல்லாம் உடம்பிலிருந்து பிறந்தவை. விரித்த கையின் பெருவிரல் நுனியிலிருந்து சிறுவிரல் நுனி வரை சாண். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை முழம். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம். பூக்காரியிடம் மாலை வாங்கும்போதும், கிணற்றுக்குக் கயிறு வாங்கும்போதும், முல்லைத்தீவுக் கடலில் வலை விடுவோர் ஆழம் கூறும்போதும் இவை இன்றும் உயிரோடு உள்ளன. சோழமண்டலக் கரை மீனவர் மார் என்று கூறுவதும் பாகத்தையொத்த அளவே.

கணக்கதிகாரம் முதலாய பழைய கணக்கு நூல்களின் வழிவந்த வாய்பாடு இவற்றை ஒழுங்குபடுத்துகின்றது. அணுவிலே தொடங்கி, எட்டெட்டாகப் பெருகி, எள், நெல் என வளர்ந்து, எட்டு நெல் ஒரு விரல் என்று அது கூறும். பின்னர் பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு கோல். ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு. நான்கு கூப்பிடு ஒரு காதம்.

இதனை மைலாக மாற்றுதல் எளிது. முழத்தை 18 அங்குலம் என்று கொண்டால், சாண் 9 அங்குலம். கோல் 6 அடி. கூப்பிடு 3,000 அடி, அதாவது 1,000 யார். காதம் 12,000 அடி. ஒரு மைலுக்கு 5,280 அடி ஆதலால், காதம் ஏறக்குறைய இரண்டேகால் மைல், அல்லது 3.66 கிலோமீற்றர் ஆகும். இது முதலாவது விடை.

இங்கே ஓர் அழகைக் கவனித்தல் வேண்டும். நான்கு முழக் கோல் என்பது எட்டுச் சாண். எண்சாண் உடம்பு என்று நம்மவர் கூறுவதும் அதுவே. நெட்டையனாயினும் குட்டையனாயினும், அவரவர் உயரம் அவரவர் கையால் ஏறக்குறைய எட்டுச் சாணே வரும். கைகளை விரித்த பாகமும் ஏறக்குறைய அதே அளவினதே. ஆகவே உடலளவைகள் தமக்குள் முரண்படுவதில்லை. முரண்பாடு தோன்றுவது இரண்டு மனிதர் சேர்ந்து அளக்கும்போதுதான்.

ஆற்றை பாகம்?

இதனை நான் நூலிற் கற்கவில்லை, காணியிற் கற்றேன். 2009ஆம் ஆண்டுப் பேரழிவின் பின்னர், முகாம் வாழ்வு முடிந்து எம்மவர் ஊர் திரும்பிய காலம் அது. நான் அப்போது சிறுவன். வேலி இல்லை, கதியால் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. எங்கே பார்த்தாலும் பற்றைக்காடு. எஞ்சியிருந்தது எங்கள் கிணறு ஒன்றே. கிணற்றுக் கட்டிலிருந்து கிழக்கு எல்லைக்கு இருபது பாகம் என்று அம்மப்பா நினைவிலிருந்து சொன்னார். மாமா கயிற்றை எடுத்துக் கைகளை விரித்து விரித்து இருபது பாகம் அளந்து, கயிறு முடிந்த இடத்தில் ஒரு தடியை நட்டார்.

பக்கத்துக் காணி ஆச்சி இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போடவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "ஆற்றை பாகம் எண்டு முதலிலை கேளுங்கோ, மேனை" என்றார்.

மாமா ஊரிலேயே நெட்டையான மனிதர். அம்மப்பா நடுத்தர உயரம். அம்மப்பா தாமே கயிற்றை வாங்கி அளந்தார். பாகத்துக்கு மூன்று அங்குலம் குறைந்தது. மூன்று அங்குலம் பெரிதன்று. ஆனால் இருபது பாகத்தில் அது அறுபது அங்குலம், அதாவது ஐந்து அடியாயிற்று. மாமா நட்ட தடி ஆச்சியின் காணிக்குள் ஐந்தடி உள்ளே நின்றது. மாமா ஒன்றும் பேசாமல் தடியைப் பிடுங்கி அம்மப்பா காட்டிய இடத்தில் நட்டார். பின்னர் நில அளவையாளர் வந்து வரைபடத்தின்படி கோடு பிடித்தபோது, அது அம்மப்பாவின் தடிக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

மாமா பொய்யாக அளக்கவில்லை. இருபது என்ற எண்ணும் பிழையன்று. எண்ணோடு சேர்ந்து வரவேண்டிய ஆளை மறந்ததே பிழை. அளவு என்பது எண் மாத்திரமன்று. அது இரண்டு பேருக்கு இடையிலான ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கை மறக்கப்பட்டால் எண் அயலவன் நிலத்தைத் தின்றுவிடும். பழைய அளவைப் புதிய அளவாக மாற்றும் எவரும் அந்த ஆச்சியின் வினாவையே முதலிற் கேட்டல் வேண்டும்.

அரசனுடைய கோல்

தனிமனிதர் இருவருக்கிடையில் எழும் இவ்வழக்கு, அரசிறை வாங்கும் நாட்டிலே ஆயிரமாயிரம் வழக்காகும். அதனால் அரசர் கோலைத் தம் கையில் எடுத்தனர்.

சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் தன் நாட்டு நிலம் முழுவதையும் அளப்பித்தான். அவ்வேலை 1001ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று. நிலமளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். மூவுலகையும் ஈரடியால் அளந்த திருமாலின் நினைவு அப்பெயரில் உண்டு. பின்னர் 1086ஆம் ஆண்டில் முதலாம் குலோத்துங்கன் மீண்டும் அளப்பித்தபோது, அரசனுடைய திருவடியின் அளவே, ஸ்ரீபாதம் என்ற பெயரால், அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. இங்கிலாந்திலே வில்லியம் மன்னன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து டூம்ஸ்டே ஏடு எழுதுவித்ததும் அதே 1086இல் என்பது வியப்பான ஒற்றுமை.

அரசன் கோல் வந்ததும் குழப்பம் முற்றாக நீங்கிற்றா? இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலரங்கை அளக்கும் கோல் இருபத்துநான்கு விரல். அதாவது இரண்டு சாண். அக்கோலால் அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் உடையது. வாய்பாட்டிலோ கோல் எட்டுச் சாண். உலகளந்த கோலோ பதினாறு சாண். ஒரே சொல்லுக்கு மூன்று நீளங்கள்! மாதவி ஆடிய அரங்கை இரண்டு சாண் கோலால் அளந்தால், அகலம் பத்தரை அடியும் நீளம் பன்னிரண்டு அடியுமாகும். கூத்திகை தனியாக ஆடுதற்கு ஏற்ற அளவு அது. உலகளந்த கோலால் அளந்தால், அகலம் எண்பத்துநான்கு அடியும் நீளம் தொண்ணூற்றாறு அடியுமாகிப் பெருவெளியாகிவிடும். எந்தக் கோல் என்று அறியாமல் மாற்றுகிறவன் இவ்வாறான நகைப்புக்கு இடமாவான்.

நகைப்போடு முடியாத இடமும் உண்டு. சோழர் சாசனங்களிற் பதினாறு சாண் கோலும் பேசப்படும். பன்னிரண்டு சாண் கோலும் பேசப்படும். ஒரு கோல் சதுரம் ஒரு குழி. பதினாறு சாண் கோலால் ஒன்பது குழி வரும் நிலம், பன்னிரண்டு சாண் கோலால் பதினாறு குழி வரும். நிலம் வளரவில்லை, கோல் குறுகிற்று. குழிக்கு இவ்வளவு நெல் என்று இறை விதித்தால், குறுகிய கோல் உழவனுடைய களஞ்சியத்தில் ஏறக்குறைய இருமடங்கு கை வைக்கும். கோயிற் சுவர்களிலும் அடித்தளங்களிலும் அளவுகோலின் நீளத்தைக் கல்லிலே கீறி வைத்தமைக்குக் காரணம் இதுவே. கையால் தூக்கிச் செல்லும் கோலைக் குறைக்கலாம். கோயிற் கல்லைக் குறைக்க இயலாது. யாவரும் வந்து ஒப்புநோக்கத்தக்க பொதுவிடமாகக் கோயில் விளங்கிற்று.

குரலும் காலும்

நிலத்தைக் கோலால் அளக்கலாம். நெடுவழியைக் கோலால் அளக்க எவருக்குப் பொறுமை உண்டு? அங்கே மனிதன் தன் குரலையும் காலையும் நம்பினான்.

கூப்பிடு தூரம் என்று நாம் சொல்வது ஒருவன் கூப்பிட்டால் மற்றவனுக்குக் கேட்கும் தூரம். வயற்காவலில் இருப்பவருக்கு அது கவியலங்காரமன்று, உயிர்காக்கும் அளவு. யானை வந்தால் அடுத்த காவற்கொட்டிலுக்குக் குரல் எட்டுமா என்பதே அங்குள்ள வினா. வடமொழியிற் குரோசம் என்ற அளவும், வடநாட்டார் கோஸ் என்பதும் கூப்பிடுதல் என்னும் பொருளடியிற் பிறந்தவையே. தெற்கிலும் வடக்கிலும் மனிதன் ஒரே வகையாகவே எண்ணியிருக்கிறான்.

அந்தக் குரோசமும் அறிஞரை இடர்ப்படுத்தியுள்ளது. அசோகச் சக்கரவர்த்தி வழிகளிலே கிணறுகள் தோண்டுவித்ததை அவருடைய ஏழாம் தூண் கட்டளை கூறுகின்றது. எத்தனை தூரத்திற்கு ஒரு கிணறு? அங்குள்ள சொல்லைச் சிலர் அரைக் குரோசம் என்றும், சிலர் எட்டுக் குரோசம் என்றும் பொருள் கொண்டனர். ஒன்று மற்றொன்றின் பதினாறு மடங்கு! வெயிலில் நடக்கும் வழிப்போக்கனுக்கு அவ்வேறுபாடு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காலால் அளப்பது மற்றொரு முறை. ஒரு நாழிகை நேரத்தில், அதாவது 24 நிமிடத்தில், நடக்கும் தூரம் நாழிகை வழி எனப்பட்டது. நமது பழைய அகராதிகள் காதத்தை ஏழு நாழிகை வழி என்றும், ஏறக்குறையப் பத்து மைல் என்றும் கூறும். கணக்கிட்டுப் பார்த்தேன். ஏழு நாழிகை 168 நிமிடம். மணிக்கு மூன்றரை மைல் நடப்பவன் அந்நேரத்தில் 9.8 மைல் செல்வான். கணக்குச் சரியாகவே வந்தது. ஆயினும் வாய்பாட்டின் காதம் இரண்டேகால் மைல். அகராதியின் காதம் பத்து மைல். இது இரண்டாவது விடை. முன்னையது முழத்திலே பிறந்தது. பின்னையது நடையிலே பிறந்தது. பெயர் மட்டுமே ஒன்று.

ஏழாம் நூற்றாண்டிற் பாரதநாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் இத்தகைய சிக்கலைக் கண்டார். ஒரு யோசனை என்பது அரசனுடைய படை ஒருநாள் நடக்கும் தூரம் என்று கூறி, அதற்குச் சீன அளவான லீயிலே நாற்பது, முப்பது, பதினாறு என்று மூன்று கணக்குகளை அவர் தந்தார். ஒரே கணக்கென்று மூடி மறைக்காமல் மூன்றையும் எழுதிவைத்த அவருடைய நேர்மை போற்றத்தக்கது.

நமது தீவிலும் இவ்வளவைகள் வழங்கின. பாளியிற் காவுதம் என்றும் சிங்களத்திற் கவ்வ என்றும் வழங்கும் சொற்கள், நமது காவதம், காதம் என்பவற்றோடு ஒரு குடும்பத்தனவாகவே தோன்றுகின்றன. நான்கு கவ்வ ஒரு யொதுன. பிற்கால வழக்கிற் கவ்வ ஏறக்குறைய நான்கு மைல் எனக் கொள்ளப்படும். இது மூன்றாவது விடை. 1187 முதல் 1196 வரை பொலன்னறுவையில் ஆண்ட நிசங்கமல்லன், வழிகளிலே கவ்வதோறும் எழுத்துப் பொறித்த கற்றூண்களை நாட்டுவித்தான். நீர்ப்பாசனப் பொறியியலாளராய் இருந்த பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தமது நூலில், இத்தகைய தூண்களையும் பழைய செங்கற்களின் அளவுகளையும் துணையாகக் கொண்டு பழைய முழம் எவ்வளவு, கவ்வ எவ்வளவு என்று ஆராய்ந்தார். நமது வன்னியின் வவுனிக்குளத்தையும் அவர் அந்நூலில் ஆராய்ந்துள்ளார். ஒரு செங்கல்லும் பேசும். அளந்து கேட்க ஆள் வேண்டும்.

சங்கிலியும் கட்டையும்

ஒல்லாந்தர் வந்தபோது தங்கள் நாட்டு வழக்கப்படி தூரத்தை மணித்தியால நடையாற் குறித்தனர். நாழிகை வழிக்கும் அதற்கும் உள்ள உறவு வெளிப்படை. ஆங்கிலேயரோ சங்கிலியோடு வந்தனர். இத்தீவின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவர்கள் கையாண்ட செயின், பதினேழாம் நூற்றாண்டில் கண்டர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்தது. அதன் நீளம் 66 அடி, அதாவது 22 யார். அதில் நூறு லிங்க். எண்பது செயின் ஒரு மைல். பத்துச் சதுரச் செயின் ஓர் ஏக்கர். கிரிக்கெட் விளையாடும் நம் இளைஞர் ஒன்றை நினைவிற் கொள்க. இரு விக்கெட்டுகளுக்கும் இடையிலுள்ள 22 யார் என்பது அந்நில அளவைச் சங்கிலி ஒன்றின் நீளமே. பழைய காணி உறுதியில் உள்ள செயின் எவ்வளவு என்று எவரேனும் கேட்டால், மைதானத்துக்கு அழைத்துச் சென்று காட்டிவிடலாம்.

வீதியோரம் மைலுக்கொன்றாய் நட்ட கல்லே நமது வழக்கிற் கட்டையாயிற்று. கல்லின் பெயர் தூரத்தின் பெயராயிற்று. தூரத்தின் பெயர் இடத்தின் பெயராயிற்று. கண்டி வீதியிற் கிளிநொச்சிப் பக்கத்திலுள்ள 155ஆம் கட்டை இதற்குச் சான்று. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை முப்பது கட்டைக்குச் சற்றுக் கூட என்பார் நம் முதியோர்; ஏறக்குறைய 50 கிலோமீற்றர் என்பர் இளையோர். இருவரும் ஒரே வழியையே சொல்கின்றனர்.

நிலப்பரப்பிலும் இதேபோன்ற எச்சரிக்கை வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள் பரப்புக் கணக்கையும் உடன்கொண்டு வந்தனர். வரகு விதைப்புக் கணக்கில் 16 இலாச்சம் ஓர் ஏக்கர். நெல் விதைப்புக் கணக்கில் 24 இலாச்சம் ஓர் ஏக்கர். பழைய உறுதியில் எந்த விதைப்பு என்று பாராமல் கணக்கிட்டால், ஏக்கரில் மூன்றிலொரு பங்கு காற்றிலே மறைந்துவிடும்.

இவற்றிற்கெல்லாம் முடிவுகட்ட முயன்றதே மீற்றர். எந்த அரசனுடைய காலும் எந்த மனிதனுடைய கையும் அளவாதல் வேண்டா. யாவர்க்கும் பொதுவான பூமியே அளவாகுக என்று பிரான்சிய அறிஞர் 1791இல் முடிவு செய்து, வடதுருவத்திலிருந்து பூமத்திய கோடு வரையுள்ள தூரத்தின் கோடியிலொரு பங்கை மீற்றர் என்றனர். 1983 முதல் ஒளியின் வேகமே அதற்கு ஆதாரம். 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி, ஒரு யார் 0.9144 மீற்றர் என்று உடன்பட்டன. அதன்படியே ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்ரிமீற்றர். மீற்றரும் ஓர் உடன்படிக்கைதான். ஆனால் உலகம் முழுவதும் கையொப்பமிட்ட உடன்படிக்கை.

மொழிபெயர்ப்பாளர் காட்டிய வழி

மிசன் பாடசாலையிற் படித்தமையால் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். கிறித்தவ வேதாகமத்திற் கோலியாத்து என்னும் வீரனுடைய உயரம் தமிழிலே முழத்தாலும் சாணாலும் கூறப்பட்டுள்ளது. எபிரேயருக்கும் கைதான் அளவு. நமக்கும் கைதான் அளவு. ஆகவே மாற்றவேண்டிய தேவை எழவில்லை. எம்மாவு என்ற ஊரின் தூரம் கிரேக்க மூலத்தில் அறுபது ஸ்தாதியா என்றுள்ளது. தமிழர்க்கு அவ்வளவு வழக்கில் இல்லை. ஆதலால் தமிழ் மொழிபெயர்ப்பில் அது ஏழெட்டு மைல் ஆயிற்று. ஒரு ஸ்தாதியா ஏறக்குறைய 185 மீற்றர். அறுபது சேர்ந்தால் 11.1 கிலோமீற்றர், அஃதாவது ஏழு மைலுக்குச் சற்றுக் குறைய. மொழிபெயர்த்தோர் நன்றாகவே கணக்கிட்டிருக்கின்றனர். அளவை மாற்றுவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே. சொல்லைப் பெயர்ப்பவன் பொருளை அறிந்திருத்தல் போல, அளவைப் பெயர்ப்பவன் அது பிறந்த இடத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

கண்ணகை நடந்த தூரம்

இனித் தம்பியின் வினாவுக்கு வருவோம். முப்பது காதம் என்பதை வாய்பாட்டால் மாற்றினால் 68 மைல். அகராதியால் மாற்றினால் 300 மைல். சிலப்பதிகாரம் கூறும் வழியை நிலத்திலே வைத்துப் பார்ப்போம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரிலிருந்து காவிரிக் கரைவழியே மேற்கே நடந்து, உறையூரை அடைந்து, அங்கிருந்து தெற்கே மதுரைக்குச் சென்றனர். உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதி. இன்றைய வீதிகளின்படி பூம்புகாரிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக மதுரைக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர், அதாவது 186 மைல். முப்பதால் வகுத்தால் ஒரு காதம் பத்துக் கிலோமீற்றர். ஆறு மைலுக்குச் சற்று மேல். இது நான்காவது விடை.

வாய்பாடும் பொருந்தவில்லை, அகராதியும் பொருந்தவில்லை. நடந்தவர்களின் வழியே விடை தந்தது. இதற்கு இன்னொரு துணையும் உண்டு. அவர்கள் நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை என்று அக்காப்பியமே கூறுகின்றது. செல்வ மனையில் வளர்ந்து, வெளிவழி நடந்தறியாத ஒரு பெண் நாள்தோறும் பத்து மைல் நடந்தாள் என்பதை விட, ஆறு மைல் நடந்தாள் என்பதே இயல்பு. முப்பது என்பது புலவர் கூறிய முழுவெண்ணாக இருக்கலாம். பழைய வழி இன்றைய வீதியினின்றும் விலகியிருக்கலாம். ஆகவே இதனைத் தீர்ப்பு என்று கூறேன். நிலத்தோடு ஒத்த மதிப்பீடு என்றே கூறுவேன்.

மறுநாள் தம்பியிடம் சொன்னேன்: "ஏறக்குறைய ஆறு கட்டை."

"அவ்வளவுதானோ? ஒரு நாளைக்கு ஆறு கட்டைதானோ நடந்தவை?" என்றான் அவன்.

உள்ளேயிருந்து அம்மம்மாவின் குரல் வந்தது: "வெறுங்காலோடை இந்த வெயிலுக்கை நடந்து பார், தெரியும்."

அவர் கூறியதும் ஓர் அளவே. எந்த அட்டவணையிலும் அது இல்லை.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டில் இன்று சட்டப்படி வழங்குவது மீற்றர் அளவையே. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் அதனை உறுதிசெய்கின்றது. அது நன்றே. பாகத்தால் மீண்டும் காணி அளக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஐந்தடி அயலவர் காணிக்குள் சென்ற தடியை என் கண்ணாற் கண்டவன் நான்.

ஆயினும் நம் ஊரின் நினைவுகள் இன்னும் பழைய அளவையிலேயே உள்ளன. எந்தக் குளக்கட்டு எத்தனை முழ உயரமாயிருந்தது, எந்தக் கிணறு எத்தனை பாகம் இறங்கிற்று, எந்த ஒற்றையடிப் பாதை எத்தனை கட்டை, எந்த மரத்திலிருந்து எந்த மரம் கூப்பிடு தூரம் என்பன முதியோர் நெஞ்சில் மாத்திரம் எழுதப்பட்டவை. இடப்பெயர்விலே உறுதிகள் தொலைந்தன, படங்கள் தொலைந்தன, மரங்களும் எல்லைகளும் அழிந்தன. எஞ்சியிருப்பது அந்நெஞ்சங்களே. அவையும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு கொப்பியையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் செல்லுங்கள். அவர் கூறும் அளவை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். அவருடைய சாணையும் முழத்தையும் பாகத்தையும் நாடாவால் அளந்து, சென்ரிமீற்றரில் அதன் பக்கத்திலே குறியுங்கள். யார் கூறியது, எந்த ஆண்டிற் கூறியது, எதனை அளக்கக் கூறியது என்ற மூன்றையும் சேர்த்து எழுத மறவாதீர்கள். அம்மூன்றும் இருந்தால், நூறாண்டு கழித்து வருபவனும் அந்த அளவைத் தவறாது மாற்றிக்கொள்வான். அவை இல்லையேல், காதத்தை வைத்துக்கொண்டு நான் விழித்ததுபோல அவனும் விழிப்பான்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் நாடாவோடு வந்து கையை நீட்டச் சொன்னால் சிரியாதீர்கள், நீட்டுங்கள். சோழன் தன் அடியின் அளவை நாட்டுக்கு விட்டுச் சென்றான். நீங்கள் உங்கள் முழத்தை ஊருக்கு விட்டுச் செல்லுங்கள்.